ஞாயிற்றுக்கிழமைப் பலகை

இரத்தோட்டை
24.06.1990, ஞாயிறு

அன்பு மகன் நேசனுக்கு அம்மா எழுதிக்கொள்வது, கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் எழுந்து நடமாடுகிற அளவுக்கு நன்றாய் இருக்கிறோம், அப்பாவுக்கு முழங்கால் நோவு, எனக்கு வழக்கம்போல வாய் மட்டும் ஓயவில்லை, அந்த நோர்வே மீன் தொழிற்சாலைக் குளிரில் உன்னையும் அவர் கைவிடாமல் காக்கவேண்டும் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. கடையின் ஞாயிற்றுக்கிழமைப் பலகையைப் போன கிழமை ஆணியடித்து மூடிவிட்டேன். சுத்தியல் பிடித்தது நான்தான், அப்பா இல்லை, யாரும் மிரட்டவும் இல்லை. உன்னை விமானம் ஏற்றிவிட்ட காசு பாதிக்குமேல் அந்த இடுக்கு வழியாக வந்தது என்பது எனக்கு மறக்கவில்லை. வேறு யாராவது எழுதி உனக்குத் தெரிந்தால் அம்மாவுக்கு வயசு போய் மூளை குழம்பிவிட்டது என்று நினைப்பாய், அதனால்தான் நானே உட்கார்ந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிற முதல் கடிதம் இது என்பதையும் கவனித்துக்கொள். உன் கையைப் பற்றி நீ எழுதியிருந்ததற்கும் பதில் இதில்தான் இருக்கிறது, அதனால் பாதியில் மடித்து வைக்காமல் கடைசிவரை வாசி.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் நாளைக்கு உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் இந்தக் கடிதத்தை எடுத்து வாசித்தாலும் விளங்கவேண்டும் என்று முழுதாக எழுதுகிறேன். நம் கடைக்கு இருப்பது பலகைக் கதவு, இலக்கம் போட்ட பலகைகளை ஒவ்வொன்றாகக் காடிப் பள்ளத்தில் இறக்கி மூடவேண்டும். கல்யாணம் முடித்த புதிதில் அப்பா என்னிடம் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான், ஞாயிற்றுக்கிழமை இந்தக் கடையில் விலை பேசுகிற சத்தம் கேட்கக்கூடாது என்று. சபையில் பிரசங்கம் செய்கிற மனுஷன், அவருக்கும் முகம் வேண்டுமே. நான் அவர் சொன்னதைச் சொன்னபடியே பிடித்துக்கொண்டேன். சத்தம்தானே கேட்கக்கூடாது. தோட்டத்துச் சனம் சம்பளக் காசோடு பஸ் பிடித்துக் கீழே இறங்குகிற நாள் ஞாயிறு, அந்த நாளில் முழுதாக மூடிவிட்டால் பிறகு எந்த நாளில் விற்பது. ஆகவே முன்பக்கத்தை ஒழுங்காக அடைத்துவிட்டு, சந்துப் பக்கத்துக் கடைசிப் பலகையை மட்டும் இறக்காமல் வைப்பேன். உள்ளே இருட்டு, வெளியே இருந்து பார்த்தால் பூட்டின கடை, அந்த இடுக்கில் ஒரு கை வரும், கருவாடு வாங்கும், அரிசி வாங்கும், போகும். முகம் தெரியாது. எனக்கு முகம் தேவையும் இல்லை, கொழுந்து பறித்துக் கறுத்த விரல் எந்தத் தோட்டத்து விரல் என்று கையைப் பார்த்தே சொல்லிவிடுவேன். மலையிலிருந்து ஏலக்காயும் மிளகும் கொண்டுவருகிறவர்களோடு விலை முடிப்பதும் அந்த இடுக்கில்தான், வாயால் அல்ல, விரலால். அவர் எத்தனை விரல் நீட்டுகிறாரோ அது அவர் கேட்கிற விலை. நான் ஒன்றை மடக்குவேன், அவர் நிமிர்த்துவார், நான் மறுபடி மடக்குவேன். ஒத்துக்கொள்கிறவர் மற்றவருடைய கையை முழுதாக மடக்கி மூடிவிடவேண்டும். மூடின கை முடிந்த வியாபாரம். மூடாமல் கையை எடுத்தால் பேச்சு இன்னும் திறந்திருக்கிறது என்று அர்த்தம், அதுவரை அவர் அந்தச் சாக்கை வேறு கடைக்குக் காட்டமாட்டார், நானும் வேறு ஆளிடம் அந்தச் சரக்கை வாங்கமாட்டேன். எத்தனையோ வருஷம் இப்படித்தான். அப்பாவுக்குத் தெரியாதா என்றால் தெரியும், உள்ளறையில் வேதத்தை விரித்து வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமுவார், அவ்வளவுதான். ஒருநாள் சாப்பாட்டில் நான் சும்மா இருக்கமாட்டாமல், ஆறு நாள் வேலை செஞ்சிட்டு ஏழாம் நாள் களைச்சுப்போய் உக்காந்துட்டாராமே உங்க ஆண்டவரு, எனக்கு பதினாறு வயசில இருந்து ஆறாம் நாளே முடியலையே என்று கேட்டேன். களைச்சுப்போயா உக்காந்தாரு, முடிச்சிட்டு உக்காந்தாரு, அது வேற இது வேற பரிமளம் என்றார். வியாபாரத்தில் முடிஞ்சிதுன்னு ஒண்ணு இருக்கா என்று நானும் கேட்டுவிட்டு ரசத்தை ஊற்றினேன். அன்றைக்கு அது பகிடிப் பேச்சு.

போன வருஷம் இங்கே எப்படி இருந்தது என்று உனக்கு எழுத முடியவில்லை, இப்போதும் முழுதாக எழுதமாட்டேன், கடிதம் வழியில் பிரிபட்டுத்தான் வருகிறது போகிறது. சுவரில் துண்டு ஒட்டிக் கடையை மூடு என்பார்கள் ஒரு பகுதியார், ஜீப்பில் வந்து கடையைத் திற என்பார்கள் மற்றப் பகுதியார், இரண்டு பேருக்கும் கீழ்ப்படிய வழி என் ஒற்றைப் பலகையிடம்தான் இருந்தது. எல்லா நாளும் ஞாயிறு மாதிரி ஆகிவிட்டது. கடைவீதி முழுதும் அடைத்துக் கிடக்கும், பஸ் இல்லை, தபால் இல்லை, விளக்குக் கொளுத்தாதே என்றால் கொளுத்துவதில்லை, அப்படியும் ஒரு வீட்டில் ஒரு மனுஷன் கண்மூடியிருக்கமாட்டான். சாத்தின கடையெல்லாம் ஓய்வு இல்லை என்று அப்போதே என் மனதில் தட்டியது, ஆனால் அதற்குமேல் யோசிக்க நேரமில்லை. அந்த நாட்களில்தான் கலந்தர் நானா காணாமல் போனார். உனக்கு அவரை ஞாபகம் இருக்கும், நீ சின்னவனாக இருக்கும்போது ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்திலிருந்து லொறியில் ஏலக்காய் ஏற்றி வருவாரே, உன்னைத் தூக்கி ஸ்டியரிங்கில் உட்கார்த்தி, மாமாவ மாத்தளைக்கு கூட்டிட்டு போங்க டிரைவர் தொர என்பாரே, அவர். இடது கையில் நீலக்கல் வெள்ளி மோதிரம், பெருவிரல் நகம் நடுவில் பிளந்திருக்கும், எதையும் அந்த இடது கையால்தான் செய்வார். தீபாவளி கழிந்து வந்த ஞாயிறு பலகை இடுக்கில் கையை நீட்டி நாலு விரல் கேட்டார். நான் ஒன்றை மடக்கினேன். அவர் நிமிர்த்தினார். கொஞ்சம் ஊறட்டும், அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று மூடாமல் கையை எடுத்துக்கொண்டேன். இதில் தப்பு ஒன்றுமில்லை, யாவாரம் என்றால் அப்படித்தான், அவரும் வெளியே நின்று சிரித்துக்கொண்டு, தங்கச்சி நீங்க மவுத்தானாலும் ஒரு வெரல மடக்கிட்டுத்தான் போவீங்க என்று சொல்லிவிட்டுத்தான் போனார். சரக்கை ஏற்ற அந்தக் கிழமையே மலைக்குப் போனார். லொறி மட்டும் மேட்டு வளைவில் கதவு திறந்தபடி நின்றது, தார்ப்பாய் கட்டினபடி இருந்தது, சாக்கு இல்லை, ஆள் இல்லை. துண்டு ஒட்டினவர்கள் என்று சிலர் சொன்னார்கள், ஜீப்பில் வந்தவர்கள் என்று சிலர் சொன்னார்கள். அவருடைய பெண்சாதி றம்லா திங்கள்தோறும் கடைக்கு வந்து, அக்கா ஆரும் ஏதும் சொன்னாங்களா என்று கேட்டுவிட்டுப் போவாள். வேறொன்றும் வாங்கமாட்டாள். அவள் நிலைமை அப்படி, மகனே. மையத்தை, செத்த உடலை, காணாமல் விதவை தனித்திருக்கிற இத்தா இருக்கமுடியாது, புருஷன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை. பள்ளிவாசல் பெரியவர்கள் பொறுத்துப் பார் என்கிறார்கள், மாமியார்க்காரி, நீ வெள்ள உடுத்தினா என் மகன நீ கொன்னதா அர்த்தம் என்கிறாள், அவளோ ராத்திரிச் சோற்றில் அவர் பங்கை எடுத்து மூடிவைத்து விடிந்ததும் கோழிக்குக் கொட்டுகிறாள். பெண்சாதியும் இல்லை, விதவையும் இல்லை. எனக்கு அவளிடம் சொல்ல ஒன்றும் இல்லாமல் இருந்தது, புதுவருஷத்து முதல் ஞாயிறு வரைக்கும்.

அன்றைக்கு மத்தியானம் மேகம் கடைவீதிவரை இறங்கிவிட்டது, எதிர்க்கடைப் பெயர்ப்பலகை தெரியவில்லை, பட்டப்பகலில் பஸ் விளக்குப் போட்டுக்கொண்டு போனது. நான் உள்ளே மிளகு புடைத்துக்கொண்டிருந்தேன். பலகை இடுக்கில் ஒரு கை வந்து நாலு விரல் நீட்டியது. பழக்கம் பார், மூளைக்கு முன்னால் என் கை போய் ஒரு விரலை மடக்கிவிட்டது. அது நிமிர்ந்தது. நான் மறுபடி மடக்கினேன், மறுபடி நிமிர்ந்தது. விரல் ஈரச் சாக்கு மாதிரிக் குளிர்ந்திருந்தது, ஏலக்காய் வாட்டுகிற புகை மணம் வந்தது. அதற்குப் பிறகுதான் மோதிரத்தைப் பார்த்தேன், நகத்தைப் பார்த்தேன். நானா எப்ப வந்தீங்க, றம்லாட்ட சொன்னீங்களா என்று கேட்டேன். விரல்தான் இன்னும் நேராக நிமிர்ந்தது. யாரோ விளையாடுகிறான் என்று கோபத்தில் எழுந்து சுற்றிக்கொண்டு சந்துக்குப் போனேன். சந்தில் யாரும் இல்லை. பலகைக்கு நேர் கீழே, ஆள் நின்றால் கால் வைக்கவேண்டிய இடத்தில், நம் கடைநாய் சுருண்டு நித்திரை கொள்கிறது, காது கூட ஆடவில்லை. திரும்பி உள்ளே வந்தேன், கை அப்படியே இடுக்கில் இருக்கிறது, நாலு விரலும் நிமிர்ந்தபடி. நான் பார்த்த வியாபாரத்தில் எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்துவிட்டேன், ஆனால் இவ்வளவு பொறுமையாக விலை கேட்டவர் ஒருவரையும் பார்த்ததில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தபோது இல்லை.

அடுத்த ஞாயிறு பலகையை இறக்கி முழுதாக அடைத்தேன். மத்தியானம் மோதிரம் பலகையில் தட்டுகிற சத்தம், மெதுவாக, அவர் முன்பு தட்டுகிற மாதிரியே. நான் பலகையைத் திறக்கும்வரை அந்தத் தட்டல் நிற்கவில்லை. பிறகு நான் அடைக்கவில்லை. அவர் வருவார், நாலு விரல் நீட்டுவார், நான் தொடமாட்டேன், கொஞ்ச நேரத்தில் இருக்காது. மற்ற வாடிக்கைக்காரர்களின் கைகளுக்கு நடுவில் வரிசை தவறாமல் அவருடைய கையும் வரும். சரி மூடித் தொலைத்திருக்கலாமே என்று கேட்பாய். எதை வைத்து மூடுவது. சரக்கு இல்லை. வராத சரக்குக்குக் கையை மூடினால் அது பொய் வியாபாரம், நான் ஒருநாளும் செய்ததில்லை. அப்பாவிடம் மறைத்துப் பார்த்தேன், முடியவில்லை. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தவரைப் பலகைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். பேய் என்று சொன்னால் எனக்குப் பிரசங்கம் வைப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். கை வந்தபோது அவர் தன் கையை நீட்டித் தொட்டார். அவருடைய நரைத்த முழங்கை மயிர் எழுந்து நின்றதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு பல கிழமைகள் சபையில் பிரசங்கத்துக்கு ஏறவில்லை, முழங்கால் என்று சொல்லிவிட்டார், வேதத்தில் சிருஷ்டிப்பு எழுதியிருக்கிற முதல் பக்கங்களை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் சோற்றில் கைவைத்தபடி, பரிமளம், ஒவ்வொரு நாளுக்கும் சாயங்காலம் ஆச்சு விடியக்காலம் ஆச்சுன்னு சொல்லி நாளை முடிச்சு வச்சிருக்கு, ஏழாம் நாளுக்கு மட்டும் அப்படி இல்ல, இத்தனை வருஷம் பிரசங்கம் பண்ணி இதை நான் பாக்கவே இல்ல என்றார். அதுக்கு என்ன என்றேன். அந்த நாள் இன்னும் சாயல, அவர் ஓய்வு இன்னும் நடக்குது, உள்ள விளக்கெரியிற வீடு மாதிரி, மனுஷன்தான் வெளிய நின்னு பலகையைத் தட்டிக்கிட்டு நிக்கிறான் என்றார். அவர் வேறு எதையோ நினைத்துச் சொன்னார், எனக்கு மோதிரச் சத்தம்தான் கேட்டது.

அந்தக் கிழமைதான் உன் கடிதம் வந்தது. அங்கே இப்போது சூரியன் மறைகிறதே இல்லை, சாயங்காலம் என்று ஒன்று வருவதில்லை, ஜன்னலால் பார்த்தால் எந்த நேரமும் மூன்று மணி வெயில் மாதிரி இருக்கிறது, எந்தக் கிழமை என்று மறந்து ஞாயிறும் சேர்த்து இரட்டைச் சம்பளத்துக்கு வேலைக்குப் போகிறேன், உங்கள் இருவரையும் நோர்வேக்கு எடுப்பிக்க அது உதவும் என்று எழுதியிருந்தாய். படுத்த பிறகும் வலது கை தானாக அசைந்து மீனைக் கீறிக்கொண்டே இருக்கிறது, கூட இருக்கிற பையன்கள் பிடித்து நிறுத்துகிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். பகிடியாகத்தான் எழுதினாய். அப்பா வாசித்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மேசையில் கடிதத்தை வைத்தேன், என் கையைப் பார்த்தேன், அது சும்மா கிடக்கும்போதும் மிளகு புடைக்கிற மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. மூடாத கை எனக்கு மூன்றாகிவிட்டது, ஒன்று பலகைக்கு வெளியே, ஒன்று நோர்வேயில், ஒன்று என் மடியில். அன்றைக்குத்தான் பயந்தேன்.

றம்லாவிடம் சொல்லவேண்டும் என்று அப்பா சொன்னார். நான் மாட்டேன் என்றேன், அவளுக்கு மிச்சமிருக்கிறது அந்த ஒரு பிடிச் சோறுதான், அதையும் நான் தட்டிவிடுவதா என்றேன். அவ புருஷன் நம்ம கடையில வரிசையில நிக்கிறான், அவளுக்கு மட்டும் தெரியாம இருக்கறதா என்றார். திங்கட்கிழமை அவள் வந்தபோது நேராகச் சொல்லிவிட்டேன், உனக்குத் தெரியும் எனக்குச் சுற்றி வளைத்துச் சொல்ல வராது. அவள் அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டு, ஒரு தடவ எனக்கு காட்டுங்கோ அக்கா என்றாள். ஜூன் பத்தாம் திகதி ஞாயிறு வந்து கோதுமை மாச்சாக்கின் மேல் உட்கார்ந்தாள், பக்கத்தில் நான், பின்னால் அப்பா. காத்திருக்கும்போதுதான் அப்பா அதைச் சொன்னார், தனக்குத்தானே பேசுகிற மாதிரி மெதுவாக. மனுஷனை உண்டாக்கினது ஆறாம் நாள் கடைசியில, அப்ப மனுஷன் முழுசா பாத்த முதல் நாளே ஏழாம் நாள்தான், அவன் ஒரு வேலையும் செய்யல, ஒண்ணும் கொண்டு வந்து குடுக்கல, அதுக்கு முந்தியே நல்லா இருக்குன்னு சொல்லி அவர் முடிச்சிட்டாரு என்றார். மகனே, நான் படித்தவள் இல்லை, ஆனால் இது வியாபாரப் பேச்சு, எனக்கு விளங்கியது. சரக்கு வருமுன்னே ஆண்டவர் கையை மூடிவிட்டார். நாற்பது வருஷம் நான் ஆகாது என்று வைத்திருந்ததை அவர் முதல் கிழமையிலேயே செய்து வைத்திருக்கிறார். ஓய்வு என்றால் களைப்பு இல்லை என்று அப்பா சொன்னது அப்போதுதான் எனக்குள் இறங்கியது, அது கேட்ட விலைக்கு ஒத்துக்கொண்டு இனி ஒரு விரலும் மடக்கமாட்டேன் என்று உட்காருவது.

கை வந்தது. றம்லா குனிந்து பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள், மணிக்கட்டில் பழைய சூட்டுத் தழும்பு இருந்ததாம், எனக்கு இத்தனை வருஷம் தெரியாது, அதையும் பார்த்தாள். தொடவில்லை. மரணச் செய்தி கேட்டால் அவர்கள் சொல்கிற வார்த்தையை வாய்க்குள் சொன்னாள், சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, முடிச்சி விடுங்கோ அக்கா, அவர் நிண்டு களச்சிப் போனார் என்றாள். நான் அவருடைய விரலைப் பிடித்தேன். பழக்கத்தில் என் கட்டைவிரல் ஒன்றை மடக்கப் போனது, நிறுத்திக்கொண்டேன். நாலையும் ஒன்றாகச் சேர்த்து, கேட்டது கேட்டபடி, உள்ளங்கையோடு மடக்கி என் இரண்டு கையாலும் மூடினேன். கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன். குளிர் போகவில்லை, ஆனால் விறைப்புப் போய்விட்டது, நித்திரை கொள்கிற பிள்ளையின் கை மாதிரிக் கனத்தது. பிறகு இடுக்கால் பின்னுக்குப் போனது. றம்லா எழுந்து, வெளிக் கதவால் போகாமல், ஆள் கண்ணில் படாமல் எங்கள் அடுப்படி வழியாக வீட்டுக்குப் போனாள். மறுநாளே வெள்ளை உடுத்தி இத்தாவுக்கு உட்கார்ந்துவிட்டாள். யார் மவுத்தைப் பார்த்தது, சாவுக்குச் சாட்சி யார் என்று பெரியவர்கள் ஆள் அனுப்பிக் கேட்டார்களாம், நான் பாத்தேன் என்று மட்டும் திரைக்குப் பின்னால் இருந்து சொன்னாளாம். கோழிக்குச் சோறு கொட்டுவது நின்றுவிட்டது.

இதோடு முடிந்தது என்று நினைத்துத்தான் போன ஞாயிறு வழக்கம்போலப் பலகையைத் திறந்து வைத்தேன். காலையில் வழக்கமான கைகள் வந்தன. மத்தியானம் மேகம் இறங்கினதும் தெரியாத கைகள் வந்தன. எல்லாம் இளந்தாரிக் கைகள், பேனை மை காயாத விரல்கள், கைக்கடிகாரம் கட்டின இடம் மட்டும் வெளுத்த மணிக்கட்டுகள், சில மணிக்கட்டில் கயிறு இறுக்கின தடம். விரல் நீட்டி விலை கேட்கவில்லை, உள்ளங்கையை விரித்து இடுக்கில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தன, ஒன்று போனால் அடுத்தது, சந்து நிறைய ஆள் நிற்கிற மாதிரி, ஆனால் ஒரு இருமல் இல்லை, ஒரு காலடி இல்லை. மனதில் நினைத்துப் பார், போன வருஷம் இந்தப் பக்கத்தில் எத்தனை வீட்டில் பிள்ளை காணாமல் போனான் என்று. எனக்கு அவர்களோடு பேசின வியாபாரம் ஒன்றுமில்லை, எதை மூடுவது. நாலு விரலோ ஒரு விரலோ கேட்டால் கொடுத்திருப்பேன். அப்பா வந்து உட்கார்ந்து ஒவ்வொரு கையையும் கொஞ்ச நேரம் பிடித்தார், எதையும் மடக்கவில்லை. மூடிருங்களேன், பாவங்கள் போகட்டுமே என்றேன். நாம மூடக்கூடாது பரிமளம், இதுகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவங்க வேற ஆட்கள், நாம மூடினா அவங்க தப்பிச்சாங்க என்றார். அந்த ஆட்கள் யார் என்று எழுதமாட்டேன். கேட்கவேண்டிய இடத்தில் கேட்பது ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் வேலை அல்ல. நாளைத் திங்கள் சில தாய்மாரோடு மாத்தளைக்குப் போகிறேன், எதற்கு என்று கடிதத்தில் கேட்காதே.

அன்று பொழுதுபட்டதும் பலகையை இறக்கி ஆணியடித்தேன். அவர்களைத் தள்ளி வைக்கவில்லை. இடுக்குத் திறந்திருந்தால் அது கடை, கடைக்கு முன்னால் நிற்கிறவன் காத்திருக்கத்தான் வேண்டும், நானும் விற்கத்தான் வேண்டும். கடையே இல்லாத நாளில் வாடிக்கைக்காரனும் இல்லை, வரிசையும் இல்லை. இன்று காலை ஆராதனை முடிந்து வந்து அப்பா பலகைக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், அந்தப் பக்கம் யாராவது சாய்ந்து உட்கார்ந்திருந்தால் இருக்கட்டும் என்கிறார். மேகம் இறங்கி இப்போது எழுத்துத் தெரியாமல் இருட்டிக்கொண்டு வருகிறது, விளக்கை ஏற்றிவிட்டுத்தான் எழுதுகிறேன். தட்டுகிற சத்தம் இல்லை. கடைநாய் மட்டும் சந்தில் வழக்கமான இடத்தில் படுக்காமல், யாருக்கோ இடம் விட்ட மாதிரித் தள்ளிப் படுத்திருக்கிறது. எனக்குப் பயம் இல்லை என்று பொய் எழுதமாட்டேன். ஆனால் என் கை மடியில் ஆடாமல் கிடக்கிறது, எழுதுகிற நேரம் தவிர.

மற்றச் செய்திகள், பின்பக்கத் தகரம் ஒழுகினதை மாற்றியாயிற்று, உன் பழைய சைக்கிளை விற்கவில்லை, சாதிக்காய் இந்த முறை நன்றாகப் பிடித்திருக்கிறது, கிழக்கில் மறுபடி சண்டை தொடங்கிவிட்டதால் பஸ்ஸை மறித்து இறக்கிப் பார்க்கிறார்கள், எங்களைப் பற்றிப் பயப்படாதே. எங்களை எடுப்பிக்க அவசரப்படவேண்டாம், ஞாயிறு போனதால் வருமானம் குறையும், குறையட்டும், இரண்டு பேருக்கு எவ்வளவு வேண்டும். காலுறை ஈரமாக இருந்தால் போடாதே, காய்ச்சல் வந்தால் மறைக்காதே. ஜன்னலுக்குக் கறுத்த போர்வை ஒன்று வாங்கிக் கட்டு, வெளியே வெயில் எப்படி அடித்தாலும் உள்ளே நீ சாயங்காலம் செய்துகொள். அந்த ஊர் வெளிச்சம் ஆண்டவருடைய ஏழாம் நாள் என்று எண்ணி ஏமாறாதே, சாயங்காலம் வராத நாளில் ஆண்டவர் உட்கார்ந்திருக்கிறார், நீ நின்றுகொண்டு மீன் கீறுகிறாய், அது வேறு இது வேறு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, நல்ல நித்திரையைத் தந்து, உன் கைக்குச் சமாதானம் தரட்டும் என்று அப்பாவும் நானும் உன் தலையில் கைவைத்ததாக எண்ணி ஆசீர்வதிக்கிறோம்.

கடைசியாக விலை. நான் நாலு விரல் நிமிர்த்திக் கேட்கிறேன், மாதத்தில் நாலு ஞாயிறு. நீ என் வயிற்றில் பிறந்தவன், ஒன்றை மடக்கப் பார்ப்பாய், மடக்காதே. இதை வாசித்து முடித்ததும் உன் வலது கையை இடது கையால் பிடித்து நீயே மூடு, இங்கே நான் மூடினதாக எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு உன் அம்மா,
ரா. பரிமளம்

கலந்தர் நானாவுக்கு முடிந்த விலை: அவர் கேட்ட நாலு விரல் காசு, சரக்கு வராமலே, றம்லா கையில் கொடுத்தாயிற்று.